காமன் கூத்தில் பலம் யாருக்கு? பாத்திரச் சமநிலையும் ஆட்டமுறையும்

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில், மலையகத்தின் தோட்டங்களில் இன்றைக்கும் காமன் ஊன்றுகிறார்கள். ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒரு கம்பம்தான் காமன். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஏறத்தாழ இரண்டு கிழமைகள் தோட்டத்தில் கூத்துக் காலம். பகலில் மலையில் வேலை செய்துவிட்டு வந்த ஆண்கள் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் சிவனாகவும் மாறுகிறார்கள். தீயில் காய்ச்சிய தப்பு முழங்குகிறது. பௌர்ணமி இரவில் மன்மதன் எரிந்துபோகிறான்.

காமன் கூத்தைப் பற்றிப் பேசும்போது அதை வழிபாடு என்கிறோம். தமிழகத்திலிருந்து கூலிகளாக வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த அடையாளம் என்கிறோம். இரண்டும் சரி. ஆனால் அது ஓர் ஆட்டமும்கூட. பலர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, எல்லோருக்கும் முடிவு தெரிந்த ஒரு கதையை இரவிரவாக ஆடுகிறார்கள். அப்படியானால் அந்த ஆட்டத்தில் பலம் யாருக்கு? யாருக்கு எவ்வளவு இடம்? யார் எதை ஆடலாம், யார் ஆடக்கூடாது? இந்தக் கட்டுரை இக்கேள்விகளின் வழியாகக் காமன் கூத்தைப் பார்க்கிறது.

கதையும் பாத்திரங்களும்

தோட்டத்துக்குத் தோட்டம் பாட்டும் சடங்கும் பாத்திரங்களின் எண்ணிக்கையும் மாறும். ஆனால் கதையின் எலும்பு ஒன்றுதான். தட்சனின் யாகத்தில் சிவனுக்கு அவமதிப்பு நேர்கிறது. தாட்சாயணி உயிர் துறக்கிறாள். சிவன் எதையும் காணாமல் தவத்தில் அமர்ந்துவிடுகிறார். அசுரர்களால் துன்பப்படும் தேவர்களுக்குச் சிவனின் பிள்ளை ஒருவன் பிறந்தால்தான் விடிவு. எனவே தவத்தைக் கலைக்க யாரையாவது அனுப்ப வேண்டும். இந்திரன் தூதனிடம் ஓலை கொடுத்து மன்மதனை அழைக்கிறான்.

ரதி தடுக்கிறாள். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்கிறாள். இருவருக்கும் இடையில் நீண்ட தர்க்கம் நடக்கிறது. மன்மதன் போகிறான். கரும்பு வில்லை வளைத்து மலர் அம்பை விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார். மன்மதன் சாம்பல். ரதி அழுது புலம்பி, வாதாடி, அவனைத் திரும்பக் கேட்கிறாள். சிவன் இரங்குகிறார். மன்மதன் உயிர் பெறுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

இவர்களோடு வீரபத்திரன், காளி, எமன், குறவன், குறத்தி, கோமாளி எனப் பல வேடங்கள் வருகின்றன. கூத்தைப் பழக்கி நடத்துபவர் வாத்தியார். தப்புக்காரர்கள் இல்லாமல் யாரும் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது.

சமநிலை என்றால் சமபலமா?

இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்தது கூத்துத் திடலில் அல்ல, ஒரு மேசையில். கொழும்பில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் நண்பர்கள் சிலர் விடுதி அறையில் சனிக்கிழமை தோறும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ விளையாடுவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

நான் வாள்வீரன். ஒரு நண்பன் மந்திரவாதி. தொடக்கத்தில் அவனால் ஒரு அடிகூடத் தாங்க முடியாது. நான்தான் முன்னால் நின்று காப்பாற்ற வேண்டும். சில மாதங்கள் போனதும் நிலைமை தலைகீழானது. நான் ஒருவனை வெட்டி முடிப்பதற்குள் அவன் மந்திரத்தால் ஒரு கூட்டத்தையே எரித்துவிடுவான். மூடிய கதவைத் திறப்பான், பறப்பான், மறைவான். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஒரு சனிக்கிழமை நான் போகவில்லை. அடுத்த கிழமையும் போகவில்லை.

வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு அவ்விளையாட்டில் பலரும் சொல்லிவந்த குறை. 2008இல் வந்த நான்காம் பதிப்பு அதைச் சரிசெய்ய முயன்றது. எல்லா வகைப் பாத்திரங்களுக்கும் ஒரே கட்டமைப்பில், ஒரே கணக்கில் திறன்கள் பகிரப்பட்டன. சமபலம் வந்தது. ஆனால் வீரனும் மந்திரவாதியும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள் என்று பலர் முறையிட்டார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு பாத்திரங்களுக்கு இடையிலான வேறுபாடுகளை மீண்டும் கூட்டியது.

அரை நூற்றாண்டாக நடக்கும் அந்த விவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. சமநிலை என்பது எல்லோருக்கும் ஒரே பலம் அல்ல. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருக்க வேண்டும். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் ஒன்றும் அதற்குக் கிடைக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குத் தாண்டி வெட்டும் பலம். ஆட்டுக்கு வெட்டவே முடியாது, கூட்டமாக நின்று வழியடைக்கத்தான் முடியும். இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் இரு பக்கமும் வெல்லலாம்.

காமன் கூத்து எப்படிச் சமன் செய்கிறது?

பலத்தை மட்டும் பார்த்தால் காமன் கூத்து ஓர் ஆட்டமே இல்லை. ஒரு பக்கம் எல்லாம் வல்ல சிவன். மறு பக்கம் கையில் பூவும் கரும்பும் வைத்திருக்கும் ஒருவன். ஒரு கண் திறந்தால் கதை முடிந்தது. ஆனால் கூத்து இந்த ஏற்றத்தாழ்வை மூன்று வழிகளில் ஈடுசெய்கிறது.

முதலாவது, பலமுள்ளவரை அசையாமல் வைக்கிறது. சிவன் தவத்தில் இருக்கிறார். கூத்தின் பெரும்பகுதியில் அவருக்கு வேலையில்லை. அவருடைய பலம் ஒரே ஒரு கணத்தில், ஒரே ஒரு முறை வெளிப்படுகிறது. மிகப்பெரிய பலத்துக்கு மிகச்சிறிய நேரம்.

இரண்டாவது, தோற்கப்போகிறவருக்கு நேரத்தைக் கொடுக்கிறது. மன்மதன் எரியப்போவது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஓலை வருவதும், அவன் யோசிப்பதும், ரதியோடு தர்க்கிப்பதும், புறப்படுவதும் இரவின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆட்டமும் அழகும் அவனுக்கே.

மூன்றாவதுதான் முக்கியமானது. கையில் ஆயுதமே இல்லாத ரதிக்குக் கதையை மாற்றும் சக்தியைக் கொடுக்கிறது. போகாதே என்று அவள் சொன்னது நடக்கவில்லை. தர்க்கத்தில் அவள் தோற்றாள். ஆனால் எரிந்த பிறகு திடலில் மிஞ்சுவது அவளுடைய குரல் மட்டும்தான். இந்திரன் அதற்குப்பின் ஒன்றும் செய்வதில்லை. தேவர்கள் யாரும் சாம்பலைப் பார்க்க வருவதில்லை. சிவனின் முடிவை மாற்றுவது ரதியின் புலம்பல். வெட்டும் பலத்தைவிடக் கேட்கும் பலம் பெரிதாகும் இடம் அது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டளையிட்டவன் இந்திரன். எரிந்தவன் அனுப்பப்பட்டவன். ஓலை எழுதியவருக்கு ஒரு கீறலும் இல்லை.

இந்தக் கதையை மலையக மக்கள் ஏன் விடாமல் ஆடிவருகிறார்கள் என்பதற்குச் சமயம் ஒரு காரணம். ஆனால் ஓலைகளின் வரலாறும் அவர்களுக்கு உண்டு. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதன் பின் மலைகள் அவர்கள் கையால் தேயிலையாயின. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களைப் போர் அங்கும் விடவில்லை. யாரோ எழுதிய ஓலைக்கு யாரோ எரிவது என்ன என்று இவர்களுக்குக் கூத்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆட்டமுறைகள்

ஒரே ஆட்டத்துக்கு எல்லோரும் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. மேசை விளையாட்டுகளில் இதை ஆட்டமுறை என்று பிரித்துப் பேசுவார்கள். ஒருவருக்குச் சண்டை வேண்டும். இன்னொருவருக்குப் பாத்திரத்தின் மனதுக்குள் இறங்க வேண்டும். மற்றொருவருக்குப் புதிரை அவிழ்க்க வேண்டும். சிலருக்கு நண்பர்களோடு இருந்தால் போதும். இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருக்கும்போது, ஒவ்வொருவருக்கும் உரியதை மாற்றி மாற்றிக் கொடுப்பதே கதை நடத்துபவரின் திறமை.

காமன் கூத்திலும் குறைந்தது நான்கு ஆட்டமுறைகள் ஒன்றாக இயங்குகின்றன.

நேர்த்தி ஆட்டம்: பிள்ளை வரம், கலியாணம், நோய் என்று ஏதோ ஒன்றுக்காக நேர்ந்து வேடம் கட்டுபவர்கள் உண்டு. விரதம் இருப்பார்கள். இவர்களுக்குப் பார்வையாளர் இரண்டாம் பட்சம்.

தர்க்க ஆட்டம்: ரதி – மன்மதன் வாதம். பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி. தமிழகத்தின் தஞ்சைப் பகுதியில் இது தனிக்கலையாகவே வளர்ந்தது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று இன்னொரு கட்சியும் லாவணி பாடி வாதிடுவார்கள். ஒரே கதைக்கு இரு முடிவுகள் இருக்க இடம் கொடுத்த மரபு நம்முடையது.

வேக ஆட்டம்: வீரபத்திரன், காளி, எமன் போன்ற வேடங்கள். உடலும் தப்பும்தான் இங்கே பேசும். பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிவது இந்த நேரத்தில்தான்.

பகிடி ஆட்டம்: கோமாளியும் குறவன் குறத்தியும். மேலிருப்பவர்களை நையாண்டி செய்ய இவர்களுக்கு இடமுண்டு. எல்லோரும் சிரித்துவிட்டால் யாரும் கோபிக்க முடியாது.

வாத்தியாரின் வேலை இவற்றை வரிசைப்படுத்துவது. தர்க்கம் நீண்டு ஆட்கள் தூங்கத் தொடங்கினால் கோமாளியை விடுவார். பகிடி அளவு மீறினால் தப்பின் அடியை மாற்றச் சொல்வார். கதையை அவர் மாற்றுவதில்லை. யாருக்கு எப்போது எவ்வளவு இடம் என்பதை மாற்றுகிறார்.

கிழக்கிலும் நம் கூத்து மரபு ஆட்டமுறையைப் பெயரிட்டே பிரித்திருக்கிறது. மட்டக்களப்பின் வடமோடி பெரும்பாலும் போர்க்கதைகளுக்கு, வேகமான ஆட்டம். தென்மோடி இழுத்துப் பாடும் இசைக்கும் காதல் கதைகளுக்கும் பெயர்பெற்றது. எந்தக் கதைக்கு எந்த மோடி என்ற தெளிவு ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இருந்தது.

வேடத்துக்கு வெளியே உள்ள ஏற்றத்தாழ்வு

கதைக்குள் இவ்வளவு கவனமாகச் சமன் செய்யும் கூத்து, கதைக்கு வெளியே, ஆடுபவர்களுக்கு இடையில் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரதியை ஆடுவது மரபாக ஆண். அவள் பாடும் புலம்பல் ஒப்பாரியின் உறவு. ஒப்பாரியோ பெண்களின் கலை. லயத்து வாசலில் பிணத்தைச் சுற்றி அமர்ந்து அம்மாக்களும் அப்பாயிகளும் கட்டி வளர்த்த வடிவம். அதைத் திடலில் பாடும்போது மட்டும் பெண் பார்வையாளர். கூத்தின் மிகப் பலமான இடம் பெண்ணுடையது. அந்த இடத்தில் நிற்க மட்டும் அவளுக்கு இடமில்லை.

தப்பின் கதையும் இதுதான். தப்பு அடிப்பது ஒரு சாதியாரின் வேலை என்று ஒதுக்கப்பட்ட வரலாறு கடலைத் தாண்டி இங்கேயும் வந்தது. விடிகாலையில் ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்புத்தான். திருவிழாவிலும் சாவிலும் கூத்திலும் அது வேண்டும். அடித்தவருக்கு மட்டும் மரியாதை பின்வாசலில். இன்று இளைஞர்கள் தப்பை அடையாளமாக எடுத்து மேடையேற்றுகிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் கருவி மேடையேறுவதும் அதை வாழ்நாளெல்லாம் அடித்தவர் மேடையேறுவதும் ஒன்றல்ல.

மேசையில் நான் இரண்டு கிழமை போகாமல் விட்டபோது யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு தோட்டத்துக் கூத்தில் பாதிப் பேருக்கு ஆட இடமில்லை என்றால், அவர்கள் மெதுவாக விலகிப்போவார்கள். வேலைக்காகக் கொழும்புக்குப் போன இளைஞர் இரண்டு கிழமை விடுமுறை எடுத்து வருவது ஏற்கெனவே கடினம். வந்தாலும் எனக்கு அங்கே என்ன இடம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஏன் வரவேண்டும்?

சுருக்கும்போது எதை வெட்டுகிறோம்?

இரவிரவாக ஆடிய கூத்தைச் சுருக்குவது தவறல்ல. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்காகச் சுருக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. ஆட்டமும் பாட்டும் செறிவாக்கப்பட்டன. ‘இராவணேசன்’ இராவணனை வெறும் அரக்கனாக விடாமல் ஒரு துயர நாயகனாக நிறுத்தியது. மாணவராக இருந்த சி. மௌனகுரு அந்த வேடத்தை ஆடினார். நேரத்தைக் குறைத்தபோது எந்தப் பாத்திரத்துக்கு இடம் கொடுப்பது என்பதைத் தெரிந்தே முடிவு செய்தார்கள்.

கலை விழாக்களில் அரை மணி நேர நிகழ்ச்சியாகக் காமன் கூத்து வரும்போது இந்த யோசனை பெரும்பாலும் நடப்பதில்லை. நான் பார்த்த ஒரு மேடையில் வேக ஆட்டம் இருந்தது, தப்பு இருந்தது, எரிப்பதற்கு வண்ண விளக்கும் புகையும் இருந்தன. தர்க்கம் சில வரிகளாகச் சுருங்கியிருந்தது. ரதி ஒரு முறை ஓடிவந்து விழுந்தாள், திரை மூடியது. கைதட்டினார்கள். ஆனால் அது வேறு கதை. பலமுள்ளவர் எரித்தார், பலமில்லாதவர் எரிந்தார், முடிந்தது. கூத்து எதைச் சமன் செய்யக் கட்டப்பட்டதோ அதுவே வெட்டுப்பட்டுப் போனது.

எனவே சுருக்குபவர்களுக்கு ஒரு எளிய அளவுகோல்: முதலில் ரதியின் நேரத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள். சிவனுக்கு ஒரு கணம் போதும். மரபே அப்படித்தான் வைத்திருக்கிறது.

மாற்றலாமா?

மரபை மாற்றக்கூடாது என்பவர்களுக்கு நம்மிடமே ஒரு முன்னுதாரணம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் அங்குள்ள கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார். வெளியாள் ஒருவர் வந்து திருத்தி எழுதிக் கொடுத்த முயற்சி அல்ல அது. ஆடுபவர்களே உட்கார்ந்து, பெண்ணையும் சாதியையும் கூத்து எப்படிக் காட்டுகிறது என்று பேசி, தங்கள் ஆட்டத்தைத் தாங்களே மறுபடி அமைத்தார்கள். போர் நடந்த மண்ணில், சேர்ந்து பேசுவதே கடினமாக இருந்த காலத்தில் அது நடந்தது.

மலையகத்திலும் அதைச் செய்யலாம். ரதியைப் பெண் ஆடினால் கதையில் ஒரு சொல்கூட மாறாது. தப்புக்காரரை வாத்தியாருக்கு இணையாக உட்காரவைத்தால் ஓர் அடிகூடப் பிசகாது. கதைக்குள் இருக்கும் நீதியைக் கதைக்கு வெளியே கொண்டுவருவது மட்டுமே தேவை.

இதை வாசிக்கும் பலருக்குக் காமன் கூத்து தூரத்து விஷயமாக இருக்கலாம். ஆனால் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் இருந்ததும் படங்களும் குரலும் மட்டும்தான். அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. கூத்தில் ரதிக்குப் பதில் வருகிறது, அதுவும் பாதிப் பதில்: அவன் இருக்கிறான், ஆனால் உனக்கு மட்டும்தான் தெரிவான். ஊருக்குத் தெரியாத ஒருவனோடு வாழ்வது என்ன என்பதை அந்தத் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாசிப் பௌர்ணமி இரவில், கம்பம் எரிந்து முடிந்ததும் ஆட்கள் உடனே கலைந்துபோவதில்லை. ரதி பாடி முடிக்கும்வரை குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். விடிந்தால் வேலை இருக்கிறது. இருந்தும் நிற்பார்கள். அவள் கேட்டு முடிக்காமல் கூத்து முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.